மனைப்படப்பையும் மண்ணுரிமையும்

தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், பரிசில் பெறச் செல்லும் பாணன் வழிநெடுகப் பல வகைக் குடிகளின் மனைகளைக் கண்டு செல்லுமாறு வழிகாட்டப்படுகிறான். எயினர் மனையில் இன்ன உணவு, ஆயர் மனையில் இன்ன உணவு, உழவர் மனையில் இன்ன உணவு என்று புலவர் சொல்லிக்கொண்டே போகிறார். அவ்வரிசையில் தண்டலை உழவர் எனப்படும் தோட்டக்காரரின் தனிமனை ஒன்று வருகிறது. தென்னையின் வாடிய ஓலையால் வேய்ந்த கூரை, முற்றத்தில் மஞ்சள், சுற்றிலும் மணம் கமழும் படப்பை. அங்குத் தங்கினால் பலாப்பழமும், இளநீரும், குலையில் முதிர்ந்த வாழைப்பழமும், பனை நுங்கும் கிடைக்கும். இனிப்புத் திகட்டிப்போனால் சேம்பின் கிழங்கு உண்டு.

இப்பகுதியை வகுப்பில் நடத்தும் ஆசிரியர் பலர், பண்டைத் தமிழரின் விருந்தோம்பல் இதனால் விளங்கும் என்று சொல்லி அடுத்த பகுதிக்குப் போய்விடுவது வழக்கம். விருந்தோம்பல் மெய்தான். ஆயினும் சொல்லப்பட்ட பயிர்களை ஒரு தாளில் உயர வரிசைப்படி எழுதிப் பார்த்தால் வேறொன்றும் விளங்கும். மேலே தென்னையும் பனையும். இவற்றின் கீற்று வெயிலை முழுதும் மறைப்பதில்லை. அதற்குக் கீழே பலா. அதற்கும் கீழே வாழை. தரையில் சேம்பும் மஞ்சளும். இரண்டுமே அரை நிழலையும் ஈரத்தையும் பொறுத்து வளர்வன, மண்ணுக்குள் விளைவைச் சேர்த்து வைப்பன. மேலிருந்து விழுந்த ஓலை வீட்டுக் கூரையாகிறது. ஒரே நிலத்தில் வானத்தை நோக்கிய நான்கு தளங்களும், மண்ணுக்குள் ஒரு தளமும் அமைந்திருக்கின்றன. வெளியிலிருந்து விலைக்கு வாங்கி வர வேண்டிய பொருள் அப்படப்பையில் எதுவும் பேசப்படவில்லை.

தமிழில் வீட்டைச் சார்ந்த நிலத்துக்குப் பெயர்கள் பல. படப்பை என்பது மனையை ஒட்டிய தோட்டம். தண்டலை என்பது குளிர்ந்த சோலை. கொல்லை முன்னாளில் முல்லை நிலத்துப் புன்செயைக் குறித்தது. பிற்காலத்தில் வீட்டின் பின்புறத்தைக் குறிக்கலாயிற்று. புழை என்றால் சிறு வாயில். அதனை ஒட்டிய இடம் புழைக்கடை. பேச்சில் அது புழக்கடை ஆயிற்று. பாத்திரம் துலக்கும் நீர் போகுமிடமும், கறிவேப்பிலை பறிக்குமிடமும், அடுப்புச் சாம்பல் கொட்டுமிடமும் அதுவே. முன்வாசல் ஊருக்கு, புழக்கடை வீட்டுப் பெண்களுக்கு. தோட்டக் கலையைப் பற்றிய நூல்கள் இந்தப் புழக்கடையைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. அரசர் சோலைகளுக்கும் கோயில் நந்தவனங்களுக்கும் கல்வெட்டு உண்டு. மிளகாய்ச் செடிக்கு அடியில் அரிசி கழுவிய நீரை ஊற்றியவளுக்குக் கல்வெட்டு இல்லை.

இந்த ஏற்பாட்டுக்கு இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேனாட்டார் ஒரு பெயர் சூட்டினர். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த தாஸ்மானியாவில் பில் மோலிசன் என்பவரும், அவரினும் இளையவரான டேவிட் ஹோம்கிரென் என்பவரும் 1978-இல் வெளியிட்ட நூலால் ‘பெர்மாகல்ச்சர்’ என்னும் சொல் உலகில் பரவிற்று. நிலைத்த வேளாண்மை என்று அதனைத் தமிழில் சொல்லலாம். அச்சொல்லுக்கும் ஒரு முன்வரலாறு உண்டு. அமெரிக்க மண்ணியல் அறிஞர் கிங் என்பவர் சீனா, கொரியா, ஜப்பான் நாட்டு உழவரைக் கண்டு எழுதி 1911-இல் வெளிவந்த நூல், நாற்பது நூற்றாண்டு உழுதும் மண் வளம் குன்றாத வியப்பைப் பேசியது; நிலைத்த வேளாண்மை என்ற தொடர் அதன் தலைப்பிலேயே இருந்தது. ஆங்கிலேயரான ஆல்பர்ட் ஹோவர்டு 1905-இல் இந்தியாவுக்கு வந்து, பின்னர் இந்தூரில் இலைதழையும் சாணமும் கொண்டு எரு ஆக்கும் முறையை ஒழுங்குபடுத்தினார். தமக்கு இந்திய உழவர்கள் ஆசான்கள் என்பதை அவர் மறைத்தாரில்லை. மோலிசன் 1987-இல் இந்தியாவுக்கே வந்து வகுப்பு நடத்தினார். 2017-இல் அவ்வியக்கத்தாரின் உலகக் கூட்டம் ஹைதராபாத்தில் கூடியது.

அவர்கள் சொல்லும் நெறிகளுள் தலையாயது இடத்தைப் பகுத்துக்கொள்வது. வீடு நடுவிடம். நாள்தோறும் கைபடும் செடி வாசற்படிக்கு அருகே இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை பார்ப்பது சற்றுத் தள்ளி. ஆண்டுக்கு ஒருமுறை அறுப்பது அதற்கும் அப்பால். கடைசி வட்டம் மனிதன் கைவைக்காத காடு. ஒரு பொருளின் கழிவு மற்றொன்றுக்கு உணவாக வேண்டும். ஒவ்வொரு தேவைக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட வழி இருக்க வேண்டும். மண் ஒருபோதும் வெறுமையாகக் கிடக்கலாகாது. முற்றம், புழக்கடை, கொல்லை, காடு என்ற வரிசையை அறிந்த தமிழருக்கு இவை அயலாகத் தோன்றமாட்டா.

உடனே, எல்லாம் எம் முன்னோர் அறிந்தவையே என்று மார்தட்டும் ஆசை எழும். அது பயனற்ற பெருமை. முன்னோர் செய்தனர், ஏன் செய்தனர் என்று முறைப்படுத்தி எழுதி வைக்கவில்லை. எழுதாத அறிவு கை மாறினால்தான் வாழும். ஒரு தலைமுறை நிலத்தை விட்டு அகன்றால் அது முடிந்துவிடும். மோலிசனும் ஹோம்கிரெனும் அதனை வரிசைப்படுத்தி, நிலத்தையே காணாதவனும் கற்கும்படி வரைபடமாக்கினர். அவர்க்குரிய புகழ் அது. மேலும், தமிழர் புழக்கடையில் இன்று நிற்கும் மிளகாய், பப்பாளி, மரவள்ளி மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவை. சங்கப் புலவர் அவற்றைக் கண்டதில்லை.

நிலைத்த வேளாண்மை என்னும் தொடரில் வேளாண்மையைப் பற்றிப் பேசுவோர் மிகுதி. ‘நிலைத்த’ என்ற அடைமொழி எதைக் கேட்கிறது என்று எண்ணுவோர் சிலரே. பலா காய்க்க ஆண்டுகள் ஆகும். பனை அதனினும் நெடுங்காலம் கேட்கும். நாளை இந்த மண்ணில் தான் இருப்போம், தன் மகள் இருப்பாள் என்ற உறுதி உள்ளவனே பலா நடுவான். தண்டலை உழவன் மனையில் பலா இருந்தது என்றால், அவனுக்கு அந்த மண்ணில் ஊன்றுகால் இருந்தது என்று பொருள்.

இதற்கு யாழ்ப்பாணம் நல்ல சான்று. ஆறில்லாத அந்நாட்டில் கிணற்று நீரையும் கால்நடை எருவையும் பசுந்தழையையும் கொண்டே மக்கள் வளவுகளைக் காத்தனர். வேலிக்குக் கிளுவையும் பூவரசும் நட்டனர். வேலி வளர்ந்தபின் அதனை வெட்டிய தழையே தோட்டத்துக்கு உரமாயிற்று. அங்கு வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாகப் போகும் வழக்கம் வேரூன்றியது. தாய் நட்ட மாமரம் மகளுக்கு. ஒல்லாந்தர் ஆட்சியில் 1707-இல் தொகுக்கப்பட்ட தேசவழமை என்னும் சட்டத் தொகுப்பு, பிறர் நிலத்தில் ஒருவன் தென்னை வைத்தால் பலனை எப்படிப் பகிர்வது என்பதற்கும் விதி சொல்கிறது. மரத்துக்கும் மண்ணுக்கும் உள்ள உறவு அங்குச் சட்டமாகவே எழுதப்பட்டிருந்தது.

இந்த அளவுகோலைக் கையில் கொண்டு பினாங்குத் தீவின் தென்கிழக்கு மூலையில் உள்ள பாயான் லெப்பாஸைப் பார்ப்பது தகும். இன்று விமான நிலையத்தாலும் மின்னணுத் தொழிற்சாலைகளாலும் அறியப்படும் இவ்வட்டாரம், தோட்டத்தின் பெரும் சோதனை ஒன்று நடந்த இடமாகும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியார் ஒல்லாந்தரின் வாசனைப் பொருள் வாணிகத்தைப் பறிக்க எண்ணினர். கிறிஸ்டோபர் ஸ்மித் என்ற தாவரவியலாரை மொலுக்காஸ் தீவுகளுக்கு அனுப்பிச் சாதிக்காய், கிராம்புக் கன்றுகளைப் பல்லாயிரக்கணக்கில் பினாங்குக்கு வரவழைத்தனர். அவற்றை வளர்க்க ஆயர் ஈத்தாமிலும் சுங்கை குளுவாங் பள்ளத்தாக்கிலும் கம்பெனித் தோட்டங்கள் எழுந்தன. பாம்புக் கோயில் இருப்பது அந்தச் சுங்கை குளுவாங் பகுதியில்தான். 1805-இல் கம்பெனி அதிகாரிகள் மனம் மாறித் தோட்டத்தை விற்றுவிட்டனர். பின்னர்த் தனியார் பலர் சாதிக்காய் ஒன்றையே வரிசை வரிசையாக நட்டுப் பெரும்பொருள் ஈட்டினர். 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மரங்களைப் பட்டுப்போகச் செய்யும் நோய் பரவிற்று, தோட்டங்கள் அழிந்தன. ஒரே இன மரம் நெருங்கி நிற்குமிடத்தில் நோய்க்கு வேலை எளிது.

மலைத்தொடருக்கு அப்பால், பாலிக் புலாவ் சரிவுகளில், மலாய்க்காரரும் சீனரும் துரியான் மரங்களுக்கிடையே அங்கொன்றும் இங்கொன்றுமாக வைத்த சாதிக்காயும் கிராம்பும் இன்றும் காய்க்கின்றன. பினாங்குக்கு வருவோர் வாங்கிச் செல்லும் சாதிக்காய் ஊறலும் தைலமும் அம்மரபின் மிச்சங்களே. கம்பெனியாரின் மூலதனமும் தாவரவியல் அறிவும் காக்க முடியாத மரத்தைக் கலப்புத் தோட்டம் காத்தது. அவற்றை வைத்தவர்களுள் பலருக்குத் தம் சரிவில் உரிமை இருந்தது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

மலாயாவுக்கு இரப்பர் வந்தபின் தமிழர் பெருந்தொகையாகக் குடியேறினர். அவர்களுக்கு வாய்த்த மண் எத்தகையது? கூட்டு மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குடும்பத்துடன் தோட்டத்தில் வாழும் தொழிலாளிக்குப் பயிர் செய்யவோ மாடு மேய்க்கவோ ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்றது. கணக்கிட்டால் அது 2,722 சதுர அடிக்குச் சற்று மிகுதி. ஏறக்குறைய 52 அடிக்கு 52 அடி. குறைந்த அளவு என்று ஒதுக்கத் தக்கதன்று. இன்றைய வரிசை வீட்டுக்காரன் ஒருவனுக்கு அவ்வளவு நிலம் கிடைத்தால் ஆடிப்பாடுவான். முறையாக வகுத்தால் ஒரு குடும்பத்தின் கீரை, காய், கிழங்கு, பழம் ஆகியவற்றில் பெரும்பகுதியை அதிலேயே எடுக்கலாம். ஓரத்தில் கோழிக்கும் இடமிருக்கும்.

ஆனால் லயத்தைச் சுற்றி வளர்ந்தவை எவை? முளைக்கீரை, வெண்டை, கத்தரி, புடலை, பாகல், அவரை, மிளகாய், மரவள்ளி. மரமென்று சொல்லத்தக்கவை முருங்கையும் கறிவேப்பிலையும். முருங்கை போத்தை ஒடித்து ஊன்றினால் ஓராண்டில் காய்க்கும். விட்டுப் போனாலும் நட்டமில்லை. போகும்போது ஒரு போத்தை வெட்டித் தோளில் வைத்துக்கொள்ளலாம். லயம் வேலைக்குக் கட்டுண்ட வீடு. வேலை போனால் வீடு போயிற்று. வீட்டோடு தோட்டமும் போயிற்று. ஆறு மாதத்தில் எடுக்கக்கூடியதை மட்டும் நட்ட தொழிலாளியை முன்யோசனை அற்றவன் என்று அந்நாளில் எழுதியோர் உண்டு. அவன் யோசித்தே நட்டான். தன் வாழ்க்கையின் தவணை எவ்வளவோ அவ்வளவு தவணைப் பயிர்.

அந்த அச்சம் வெறும் கற்பனையன்று. உலகப் பொருளாதார மந்தம் வந்து இரப்பர் விலை சரிந்தபோது, 1930 முதல் 1932 வரை இலட்சத்துக்கு மேற்பட்ட தமிழ்த் தொழிலாளர் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்கள் விட்டுப்போன பந்தல்களில் அவரை யாருக்காகக் காய்த்ததோ!

ஆயினும் அக்கொல்லைகளில் ஒரு திறம் இருந்தது. அதனைக் குறைத்து மதிப்பிடலாகாது. பசுவும் ஆடும் வளர்த்த குடும்பங்கள் சாணத்தைச் சேர்த்து வைத்தன. அடுப்புச் சாம்பல் பாகற்கொடிக்கும் கத்தரிக்கும் போயிற்று. குளியல் நீர் வாழைக்கு. வாழைத் தண்டு பொரியலுக்கு, பட்டை மாட்டுக்கு, இலை பந்திக்கு. அவரைக் கொடிக்கு வேறு கொம்பு தேடாமல் முருங்கையையே கொம்பாக்கினர். அவரையின் வேரில் உள்ள முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து மண்ணில் சேர்க்கின்றன என்பதை நூலார் சொல்ல அறிகிறோம். அவரை வைத்த இடத்தில் அடுத்துக் கீரை தழைக்கும் என்பதை அப்பெண்கள் கண்ணால் கண்டு அறிந்திருந்தனர்.

இக்கொல்லைகளின் மதிப்பு போர்க்காலத்தில் வெளிப்பட்டது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் பினாங்கைக் கைப்பற்றினர். மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைப் பர்மா, சயாம் முதலிய வெளிநாடுகளிலிருந்தே பெற்று வந்தது. கப்பல் நின்றது, அரிசியும் நின்றது. பள்ளித் திடல்களும் வீட்டு முற்றங்களும் கிழங்கு நிலங்களாயின. மரவள்ளியே சோறாயிற்று. மரவள்ளி எளிதில் விளையும், மோசமான மண்ணிலும் விளையும். ஆனால் வயிற்றை நிரப்புமேயன்றி உடலை வளர்க்காது. புரதம் அதில் மிகக் குறைவு. ஒரே நிலத்தில் திரும்பத் திரும்ப நட்டால் மண்ணும் மெலியும். மலாய்க்காரர் அதன் கொழுந்தை வேகவைத்து உண்ணும் வழக்கத்தைத் தமிழர் பலர் அக்காலத்தில் கற்றனர். நன்றாக வேகவைத்தால் இலையிலுள்ள நச்சு நீங்கும். கிழங்கில் இல்லாத சத்து இலையில் உண்டு. சயாம் மரண இரயில் பாதைக்கு ஆடவரைப் பறிகொடுத்த குடும்பங்களில், முருங்கைக் கீரையும் மரவள்ளிக் கொழுந்தும் எத்தனை குழந்தைகளைக் காத்தன என்பதற்குக் கணக்கெடுத்தவர் இல்லை. கணக்கு இல்லாமையால் வரலாறு இல்லை என்றாகிவிடாது.

போருக்குப்பின் ஐரோப்பியக் கம்பெனிகள் பல தம் தோட்டங்களை விற்கலாயின. வாங்கியோர் துண்டு துண்டாக்கி மறுபடியும் விற்றனர். தோட்டத் துண்டாடல் என்ற சொல்லைக் கேட்டால் முதியவர்கள் முகம் இன்றும் மாறும். அதனைத் தடுக்கத் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளர் தவணையாகக் கொடுத்த சிறு தொகைகளைத் திரட்டித் தோட்டங்களை வாங்கச் செய்தார். நிலம் தொழிலாளிக்கே என்ற எண்ணத்தின் பெருமுயற்சி அது. அதில் இரப்பரும் பின்னர்ச் செம்பனையும் பேசப்பட்ட அளவு வீட்டுக் கொல்லை பேசப்படவில்லை என்பது ஒரு குறையே. பங்குரிமை தாளில் இருந்தது. பலா நடும் மண் ஒவ்வொருவர் வாசலிலும் வந்து சேரவில்லை.

பாயான் லெப்பாஸிலோ மாற்றம் வேறு வகையில் வந்தது. 1935-இல் திறக்கப்பட்ட விமானத் திடலைச் சுற்றி நெல் வயலும் தென்னையும் கம்பங்களுமாக இருந்த ஊர் இது. வேலையில்லாத் திண்டாட்டத்தைப் போக்க, மாநில முதலமைச்சர் லிம் சொங் இயூவின் காலத்தில், 1972-இல் இங்குத் தடையற்ற தொழில் வட்டாரம் அமைக்கப்பட்டது. வயல்கள் மேடாக்கப்பட்டன. பாயான் பாருவில் வரிசை வீடுகளும் அடுக்குமாடிகளும் எழுந்தன. 1985-இல் பினாங்குப் பாலம் திறந்தபின் நெருக்கம் இன்னும் கூடிற்று. தோட்டங்களை விட்டு வந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு வாழ்வில் முதன்முறையாகத் தம் பெயரில் ஒரு வீடு வாய்த்தது. இதிலுள்ள முரணைக் கருத வேண்டும்: 52 அடி நிலம் இருந்த நாளில் உரிமை இல்லை, உரிமை வந்த நாளில் நிலம் பத்தடியாகச் சுருங்கிவிட்டது, அடுக்குமாடியில் அதுவும் இல்லை. கிடைத்த பத்தடிக்கும் பலர் சிமெண்டு பூசிவிட்டனர். மண் என்றால் தோட்டப்புறம், சிமெண்டு என்றால் முன்னேற்றம் என்று எண்ணிய காலம் அது. அப்படி எண்ணியவர்களைப் பழிப்பது எளிது. மழைக்காலத்தில் லயத்துச் சேற்றை மிதித்து வளர்ந்தவருக்குத்தான் சிமெண்டின் அருமை தெரியும்.

இந்தப் பத்தடியை மீட்கும் முயற்சியும் பினாங்கிலேயே எழுந்தது. ஹாஜி எஸ். எம். முகமது இதிரீஸ், 2019-இல் தம் 93-ஆம் வயதில் மறையும் வரை, அரை நூற்றாண்டு அளவு தலைமை தாங்கிய பினாங்குப் பயனீட்டாளர் சங்கம், நஞ்சில்லா உணவைப் பற்றிப் பேசியதோடு நில்லாமல், வீடுகளிலும் பள்ளிகளிலும் இரசாயனமின்றித் தோட்டம் போடும் பயிற்சியைத் தமிழ் உட்படப் பல மொழிகளில் நடத்தி வந்தது. சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்த்துச் செய்யும் பஞ்சகவ்வியமும், மீன் கழிவை வெல்லத்தில் ஊறவைத்துச் செய்யும் கரைசலும் அவ்வகைப் பயிற்சிகளால் பலருக்கு அறிமுகமாயின. தமிழகத்தில் அதே காலத்தில் கோ. நம்மாழ்வார் (1938–2013) ஆராய்ச்சி நிலையப் பணியைத் துறந்து ஊர் ஊராக நடந்து செய்த பணியின் எதிரொலி மலேசியத் தமிழரிடமும் இருந்தது.

பாயான் லெப்பாஸ் வீடு ஒன்றில் இந்நெறிகளை எவ்வாறு பொருத்துவது? முதலில் வானத்தைப் பார்க்க வேண்டும். பினாங்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,500 மில்லிமீட்டர் மழை. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் கடுமை, சனவரி, பிப்ரவரியில் வறட்சி. இவ்வளவு மழையில் வெறும் மண்ணிலிட்ட உரம் வடிகாலுக்கே போய்ச் சேரும். ஆகவே முதற்பணி மண்ணை மூடுவது. காய்ந்த இலை, வைக்கோல், கிழித்த அட்டைப்பெட்டி எதுவாயினும் ஆகும். மழைத்துளி மண்ணில் நேரே மோதாது. சேறு தெறித்து இலையில் நோய் ஒட்டாது. சனவரி வெயிலிலும் ஈரம் நிற்கும். வயலை மேடாக்கிய இடங்களில் மேலே கொட்டிய நிரப்பு மண்ணும் கீழே இறுகிய களியும் உண்டு. அங்குப் பள்ளம் தோண்டி நட்டால் வேர் அழுகும். ஓரடி உயரப் பாத்தி கட்டுவதே தக்கது.

அடுத்து வெயில். நிலநடுக்கோட்டுக்கு ஐந்து பாகை வடக்கே உள்ள ஊரில் கதிரவன் ஆண்டின் ஒரு பகுதி வடக்கிலும் மறுபகுதி தெற்கிலும் சாய்ந்து செல்வான். மேற்கு வெயிலே சுவரைச் சுடுவது. பந்தலை மேற்கில் போட்டுப் பாகலோ கோவையோ படரவிட்டால் அறையும் குளிரும், கறியும் கிடைக்கும்.

சமையலறைக் கதவிலிருந்து கை நீட்டும் தொலைவில் கறிவேப்பிலை, மிளகாய், கற்பூரவல்லி, செராய், பாண்டான் ஆகியவை வர வேண்டும். எட்டி வைத்த செடியை மழை நாளில் எவரும் பறிக்கப் போவதில்லை. அதனை அடுத்துக் கீரையும், வெட்ட வெட்டத் துளிர்க்கும் செக்கூர் மானிஸும். ஈரம் விடாத வடிகால் ஓரம் டாவுன் கெசும் இலைக்கு ஏற்றது. அசாம் லக்சாவுக்குப் பேர்போன தீவில் அதற்கு அண்டை வீட்டார் நன்றி சொல்வர். மூலையில் வாழை ஒன்று. அதன் அடியில் காய் கழுவிய நீரும் அரிசி கழுவிய நீரும் போகட்டும். சவர்க்காரம் மிகுந்த நீர் ஆகாது. வாழைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள நிழலில் மஞ்சளும் இஞ்சியும் சேம்பும் வைக்கலாம். பெரும்பாணாற்றுப்படையின் அடித்தளம் அதே வரிசையில் இங்கும் அமையும். பலாவுக்கு மட்டும் இடமில்லை. அதன் வேர் சுவரைப் பெயர்க்கும். அதனிடத்தில் முருங்கையை நட்டு, ஆளுயரத்துக்கு மேல் போகாமல் ஆண்டுக்கு இருமுறை வெட்டி வர வேண்டும்.

எருக்கூடைக்குச் சமையல் கழிவு ஒரு பங்கு என்றால் காய்ந்த இலை மூன்று பங்கு போட வேண்டும். பலர் கழிவை மட்டும் கொட்டி, நாற்றமெடுத்தபின் இது நமக்கு ஒத்துவராது என்று விட்டுவிடுகின்றனர். மழைநீர்த் தொட்டியை வலைகொண்டு இறுக மூடாவிடில் ஏடிஸ் கொசு முட்டையிடும். டெங்கியும் வரும், 1975-ஆம் ஆண்டின் சட்டப்படி தண்டமும் வரும்.

வீட்டின் பின்சந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடுத்தடுத்த வரிசைகளின் முதுகுகள் சந்திக்கும் அச்சந்துகளில் செராயும் லெங்குவாஸும் வாழையும் வைத்திருப்போர் பலர். தமிழர், மலாய்க்காரர், சீனர் மூவர் செடியும் அங்குக் கலந்தே நிற்கும். பறிப்போரும் கலந்தே பறிப்பர். ஆனால் சந்து வீட்டுக்காரருக்கு உரியதன்று. வடிகால் துப்புரவுக்கோ பாதை அகலத்துக்கோ ஒரு நாள் எல்லாம் வெட்டப்படலாம் என்பதை அறிந்தே நடுகின்றனர். அதனால் அங்கும் காண்பது ஆறு மாதப் பயிரும், போத்து ஒடித்து வைத்த முருங்கையும்தான். லயத்துக் கொல்லையில் கற்ற பாடத்தைக் கைகள் மறக்கவில்லை.

அடுக்குமாடிகளில் வாடகைக்கு இருப்போரிடம் தோட்டம் தொட்டிக்குள் சுருங்கி நிற்கிறது. காலியான எண்ணெய்த் தகரத்தின் அடியில் ஆணியால் நான்கு துளை. உள்ளே நடைபாதை மரத்தடியிலிருந்து அள்ளிய மண். மேலே ஒரு கறிவேப்பிலைக் கன்று. சுங்கை குளுவாங்கில் கம்பெனியார் கப்பலேற்றிக் கொணர்ந்த சாதிக்காய்க் கன்றுகள் நின்ற பள்ளத்தாக்கின் பக்கம் போனால், மாடிகளின் கம்பித் தடுப்பை ஒட்டி இத்தகைய தகரங்களைக் காணலாம். வீடு மாறும் நாளில் கட்டிலும் அலமாரியும் ஏற்றிய வண்டியில், ஓட்டுநரின் பக்கத்து இருக்கையில் அமர்ந்த அம்மாளின் மடியில் அத்தகரமும் போகிறது.